எந்தப் படியில் நிற்கிறது பிள்ளை?

வாசகர் கேள்வி – பதில்

நகரங்களின் நெரிசலான, வசதி குறைந்த குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவோரும் வழிகாட்டிகளாக இருப்போரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரு தாயின் கேள்வியும் உண்டு.

கேள்வி: மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேரில் பாதிப் பேருக்கு ஒரு பத்தியைத் தடங்கலில்லாமல் வாசிக்க வரவில்லை. ஆண்டுத் தேர்வுக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. பாடத்தை நடத்துவதா, எழுத்திலிருந்து தொடங்குவதா? பள்ளியும் பெற்றோரும் பாடத்தை முடிக்கத்தான் சொல்கிறார்கள்.
– மாலை வகுப்புத் தன்னார்வலர்

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் நேரத்தில் பெரும்பங்கு வாசிப்புக்குப் போகட்டும். வாசிக்க வராத பிள்ளைக்கு நீங்களே அறிவியல் பாடத்தைப் படித்துக் காட்டி, பதிலை மனப்பாடம் செய்ய வைத்தால் ஒரு தேர்வு ஓடிவிடும். அடுத்த பாடத்துக்கு மறுபடி நீங்கள் வேண்டும், அதற்கடுத்த பாடத்துக்கும்.

முதல் வாரத்தில் பாடமே எடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். நான்கு தாள் போதும்: தனி எழுத்துகள், எளிய சொற்கள், நாலைந்து வரிப் பத்தி, பத்து வரிக் கதை. பத்தியில் தொடங்குங்கள். சரளமாக வந்தால் கதைக்கு ஏற்றுங்கள். திணறினால் சொற்களுக்கு இறக்குங்கள். ஐந்து சொல்லில் நான்கு சரியாக வரவில்லை என்றால் எழுத்துக்குப் போங்கள். பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு அமைப்பின் வாசிப்புச் சோதனையும் இந்த நான்கு படிகளில்தான் நடக்கிறது.

'வாசிப்பு சுமார்' என்று எழுதி வைப்பதால் பயனில்லை. எங்கே இடறுகிறது என்று குறியுங்கள். தனி எழுத்து எல்லாம் தெரியும், ஆனால் கெ, கே, கொ, கோ வந்தால் நின்றுவிடும் பிள்ளை ஒரு வகை. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும் பிள்ளை இன்னொரு வகை. 'மரம்' என்றிருந்தால் 'மழை' என்று ஓட்டிவிடும். மூன்றாவது வகைதான் நம்மை ஏமாற்றும். மடமடவென்று வாசிக்கும், என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கும். முதல் பிள்ளைக்குத் தினமும் பத்து நிமிடம் கொம்பும் காலும் வரும் எழுத்துக் கட்டங்கள். இரண்டாவது பிள்ளை சொல்லின் அடியில் விரல் வைத்து, கடைசி எழுத்துவரை கூட்டிச் சொல்லட்டும். மூன்றாவது பிள்ளையை இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி, படித்ததைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள்.

பிறகு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்காமல் படி வாரியாகக் குழு பிரியுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. பதினான்கு வயதுப் பையன் கையில் யானைப் படம் போட்ட குழந்தைப் புத்தகத்தைக் கொடுத்தால் மறுநாள் வர மாட்டான். எழுத்து எளிதாக இருக்கட்டும், விஷயம் அவன் வயதுக்கு இருக்கட்டும்: விளையாட்டுச் செய்தி, பஸ் நேர அட்டவணை, மருந்து அட்டையில் உள்ள குறிப்பு, வேலை விளம்பரம். பெரிய வாக்கியங்களை நீங்களே உடைத்துச் சிறிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மணி நேர வகுப்பென்றால் 50 நிமிடம் வாசிப்பும் எழுத்தும், 30 நிமிடம் பள்ளிப் பாடம், கடைசி 10 நிமிடம் அன்று படித்ததை நோட்டை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது. அந்த 30 நிமிடத்தில் நடந்து முடிந்த பாடத்தைத் துரத்தாமல், நாளை வகுப்பில் வரப்போகிற பாடத்தின் ஆறு புதிய சொற்களைச் சொல்லிக்கொடுங்கள். மறுநாள் ஆசிரியர் அந்தச் சொல்லை எழுதும்போது அவனுக்கு அது தெரிந்த முகம். கை தூக்குவான். பெற்றோருக்கு நம்பிக்கை வருவதும் அங்கேதான்.

படி பார்த்துக் கற்பிப்பதற்கு வலுவான சான்று உண்டு. மும்பை, வதோதரா இரு நகரங்களிலும் 2001 முதல் 2003 வரை பிரதம் நடத்திய 'பால்சகி' திட்டத்தில், பள்ளிப் படிப்பை முடித்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை அவர்கள் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக எடுத்து அடிப்படையைக் கற்பித்தார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் செய்த ஆய்வில் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது தெரிந்தது; மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கே அதிகப் பயன்.

கேள்வி: ஏழாம் வகுப்பு மாணவி. கணக்கில் எதைப் போட்டாலும் தப்பு. எங்கே தொடங்குவது?
– கல்லூரி மாணவர், வழிகாட்டி

பதில்: அவளுடைய தப்பான விடைகளில் தொடங்குங்கள். 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 224.

அவள் 376 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள்: 8-இல் 2 போனால் 6, 7-இல் 0 போனால் 7, 4-இல் 1 போனால் 3. கடன் வாங்குவது என்றாலே என்னவென்று அவளுக்குத் தெரியாது. 324 என்று எழுதினால் கதை வேறு. கடன் வாங்கத் தெரிகிறது. நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டாள், ஆனால் 4-ஐ 3 ஆக்க மறந்துவிட்டாள். அதனால்தான் சரியாக 100 கூடுதல். இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி போட்டால் இரண்டு பேருக்கும் எதுவும் புரியாது.

மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான், அளவுதான் வேறு. காகிதத்தைச் சீட்டுகளாக வெட்டி 100, 10, 1 என்று எழுதுங்கள். 402 என்றால் நான்கு நூறு, இரண்டு ஒன்று. 'இதிலிருந்து எட்டு ஒன்றுகளை எடு' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். ஒன்றுச் சீட்டு இரண்டுதான் இருக்கிறது, பத்துச் சீட்டே இல்லை. ஒரு நூறைக் கொடுத்துப் பத்துப் பத்துகளை வாங்க வேண்டும். அதில் ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளை வாங்க வேண்டும். கையில் மிச்சம் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. ஒவ்வொரு மாற்றத்தையும் சீட்டில் செய்த கையோடு நோட்டிலும் எழுத வைக்க வேண்டும். பலர் சீட்டை ஒரு நாள் காட்டிவிட்டு மறுநாள் நோட்டுக்குத் தாவுகிறார்கள். இரண்டும் அவள் மனதில் ஒட்டாமல் போவது அதனால்தான். 376 எழுதியவளுக்கு நாலைந்து நாள் ஆகும். 324 எழுதியவளுக்கு ஒரு நாளே போதும்.

பின்னத்திலும் அப்படித்தான். 1/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டி 2/7 என்பாள். விதியைச் சொல்வதற்கு முன் 1/2-ஐயும் 1/2-ஐயும் அவள் வழியிலேயே கூட்டச் சொல்லுங்கள். 2/4 வரும். அரையும் அரையும் சேர்ந்து மறுபடி அரையா? இந்தக் கேள்வி அவள் வாயிலிருந்தே வரும்வரை பொறுங்கள்.

ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அதே வகைக் கணக்கு மூன்று கொடுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நிற்கும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பின் 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் சொல்லிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம்.

கேள்வி: எங்களிடம் 12 தன்னார்வலர்கள், 60 பிள்ளைகள். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் வகுப்பு. ஒரு வருடமாகியும் முன்னேற்றம் தெரியவில்லையே?
– மையப் பொறுப்பாளர்

பதில்: ஞாயிறு படித்தது வியாழனுக்குள் பாதி போய்விடும். அதே மூன்று மணி நேரத்தை வாரத்தில் மூன்று நாளாகப் பிரித்தாலே வித்தியாசம் தெரியும். அடுத்தது எண்ணிக்கை. ஒருவருக்கு ஐந்து பிள்ளை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படி வெவ்வேறாக இருக்கும் ஐந்து பேரைப் பார்த்தால் அது டியூஷன் இல்லை, குட்டி வகுப்பறை. சிகாகோவில் பொதுப் பள்ளிகளில் நடந்த கணக்குப் பயிற்சித் திட்டத்தில் ஒரு பயிற்றுநருக்கு இரண்டே மாணவர்கள்; பள்ளி நாள்தோறும், பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பாடவேளை. அங்கே கணக்கு மதிப்பெண் நன்றாக ஏறியது. 96 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வும், பள்ளி நேரத்தில் நடக்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம் என்கிறது.

உங்கள் கணக்குக்கு வருவோம். வாரம் மூன்று நாள் உறுதியாக வரக்கூடியவர்கள் 12 பேரில் ஆறு பேர் இருந்தால் நல்லது. ஆளுக்கு மூன்று பிள்ளை என்று 18 பேரை எடுங்கள். மீதி 42 பேரை அனுப்பிவிட வேண்டாம். அவர்களுக்கு ஞாயிறு வாசிப்பு நேரமாக இருக்கட்டும்; அதை மற்ற ஆறு பேர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதை டியூஷன் என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள். 18 பேர் யார் என்பதைப் படிச் சோதனை முடிவு செய்யட்டும், சிபாரிசு வேண்டாம். 60 பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பது நியாயமாகத் தோன்றும். ஒரு வருடமாக அதைத்தான் செய்தீர்கள்.

முடிந்தால் பள்ளியிலேயே ஒரு அறை கேளுங்கள். கடைசி மணி அடித்த பத்தாவது நிமிடம் வகுப்பு தொடங்க வேண்டும். வீட்டுக்குப் போன பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வேலை காத்திருக்கும். திரும்பி வருவது கடினம்.

கேள்வி: நான்கு மாதத்தில் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விடுவேன். அதுவரை ஒரு பிள்ளைக்கு வழிகாட்டியாக இருக்கலாமா?
– இறுதியாண்டு மாணவி

பதில்: தனி வழிகாட்டியாக வேண்டாம். உங்கள் நல்ல மனதை மதித்துத்தான் சொல்கிறோம். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளைத் தேடித் தரும் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' அமைப்பின் பிள்ளைகளை வைத்து கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடமும் அதற்கு மேலும் நீடித்த உறவில்தான் அதிகப் பலன் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த இடத்தில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தது. பெரியவர்கள் வருவதும் காணாமல் போவதுமாக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, நீங்களும் அந்த வரிசையில் இன்னொருவர்.

நான்கு மாதத்துக்கு ஏற்ற வேலைகள் நிறைய: படிச் சோதனை எடுப்பது, எளிய வாசிப்புத் தாள் தயாரிப்பது, வராத தன்னார்வலருக்குப் பதிலாக நிற்பது, தேர்வுக்கு முந்தைய எட்டு வார வகுப்பு. கடைசியதில் முடியும் தேதியை முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே வழிகாட்டியாக இருப்பவர் போக நேர்ந்தால், குறைந்தது நான்கு சந்திப்புக்கு முன்னால் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தன்னால்தான் போகிறார் என்று அது நினைத்துக்கொள்ளும். அடுத்து வருபவரை இரண்டு சந்திப்பில் கூடவே உட்கார வையுங்கள். 'அடிக்கடி வந்து பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், வரப் போவதில்லை என்றால்.

கேள்வி: சேர்ந்த 20 பேரில் இரண்டு மாதத்தில் 11 பேர் நின்றுவிட்டார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வதா?
– தன்னார்வலர்

பதில்: அந்த முடிவுக்கு வருமுன் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்பதோடு காரணத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். காரணங்கள் பெரும்பாலும் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும்: தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, பகுதி நேர வேலை, வீடு மாறியது, வீட்டில் நோய், இருட்டிய பின் திரும்பும் வழியில் பயம், வகுப்பில் யாரோ கேலி செய்தது. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. தம்பியோடு வரச் சொல்லி, மூலையில் ஒரு பாயும் பழைய தாளும் க்ரேயானும் போட்டு வைத்தால் முதல் காரணம் அநேகமாகத் தீர்ந்துவிடும். பயம் என்றால் ஒரே தெருப் பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்பி, கூட ஒரு பெரியவர் நடக்க வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு நேரத்தை மாற்றிப் பாருங்கள். வயதுக்கு மீறிய, ஆபத்தான வேலை என்றால் அது நேர மாற்றத்தோடு முடியும் விஷயமில்லை, குழந்தைப் பாதுகாப்புப் பணியாளரிடம் போக வேண்டும்.

இரண்டு வகுப்பு தொடர்ந்து வராவிட்டால் அன்றே போன் செய்யுங்கள். முதல் வாக்கியம் 'ஏன் வரல?' என்று இருக்கக் கூடாது. 'இன்னிக்கு உன்னைத் தேடினோம், நல்லா இருக்கியா?' என்று தொடங்குங்கள். மூன்று வாரம் விட்டுவிட்டுக் கூப்பிட்டால் அதற்குள் அந்தப் பிள்ளை தன்னை 'நின்றுவிட்டவன்' என்று எண்ணத் தொடங்கியிருக்கும்.

வாடகை வீடு மாறிப் போகும் பிள்ளைகளுக்காக ஒரு பக்கத் தாள் தயாராக இருக்கட்டும்: வாசிப்பில் எந்தப் படி, கணக்கில் எது வரும் எது இடறும், எந்தப் பாடம்வரை முடிந்தது. அதைப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்பினால் புதிய இடத்தில் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஒரு வழிகாட்டி அக்கா வருவதாக மையத்தில் சொல்கிறார்கள். நான் படிக்காதவள். நான் என்னென்ன கேட்கலாம்?
– ஒரு தாய்

பதில்: எல்லாமே கேட்கலாம் அம்மா. உங்களுக்கு முழு உரிமை உண்டு. வருபவர் யார், அவருடைய பின்னணியை மையம் விசாரித்ததா, எங்கே சந்திப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும், புகார் என்றால் யாரிடம் சொல்வது? இந்த ஐந்துக்கும் நேரான பதில் வர வேண்டும். சந்திப்பு மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில், கதவு திறந்திருக்கும் அறையில் நடக்க வேண்டும். தனியாகத் தன் வண்டியில் கூட்டிப் போவது, இரவில் தனிச் செய்தி அனுப்புவது, உங்களுக்குத் தெரியாமல் பரிசு தருவது, 'அம்மாகிட்ட சொல்லாதே' என்பது, இவை எதுவும் கூடாது. வழிகாட்டி ஆண் ஆனாலும் பெண் ஆனாலும் இதே விதிதான்.

வழிகாட்டிகளுக்கும் இந்த இடத்திலேயே ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை உங்களிடம் அடி, தொந்தரவு என்று ஏதாவது சொன்னால், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறுக்கே கேள்வி கேட்டுத் துருவாமல் கேளுங்கள். 'நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை, உதவக்கூடிய ஒருவரிடம் நான் சொல்ல வேண்டும்' என்று சொல்லுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளையே அன்றே எழுதி, மையத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே கொடுங்கள். விசாரணை உங்கள் வேலை இல்லை.

கேள்வி: நான் வழிகாட்டும் பையன் அவ்வப்போது பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?
– அலுவலக ஊழியர்

பதில்: கையில் கொடுக்காதீர்கள். தேவை உண்மையாக இருக்கும். அதை மையத்தின் மூலம் தீர்க்கப் பாருங்கள். நீங்கள் பணம் தருபவராகிவிட்டால், தேர்வில் தோற்ற செய்தியை அவன் உங்களிடம் சொல்லத் தயங்குவான்.

கேள்வி: கட்டுரையைத் திருத்திக் கொடுத்தால் மாணவர்கள் முகம் வாடிவிடுகிறது, திருப்பி எழுதுவதே இல்லை. பாராட்டை மட்டும் எழுதலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: வேண்டாம் அம்மா. சுமாரான கட்டுரைக்குக் கிடைக்கும் 'சபாஷ்' பொய் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். திருத்தத்தைக் குறைக்காமல், ஏன் திருத்துகிறோம் என்பதை ஒரு வரி எழுதுங்கள்: 'உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் முடியும் என்று தெரியும், அதனால்தான் இத்தனை குறிப்பு.' அமெரிக்காவில் யேகர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட சோதனையில், இந்தப் பொருளில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிக் கொடுத்தபோது, கட்டுரையைத் திருப்பி எழுதிய கறுப்பின மாணவர்கள் 17 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு மேல் போனார்கள். சிறிய சோதனைதான், ஆனாலும் ஒரு வரி எழுத என்ன செலவு? திருத்தத்தில் மூன்றுக்கு மேல் குறிக்காதீர்கள். அந்த மூன்றில் ஒன்றை உங்கள் முன்னாலேயே அவன் சரிசெய்யட்டும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுக்கும் மாணவி. குடும்பத்தில் கல்லூரி போகும் முதல் ஆள். விண்ணப்பம், உதவித்தொகை விவரங்களை எல்லாம் அச்சடித்துக் கொடுத்துவிட்டோம். இனி அவள் பார்த்துக்கொள்வாள்தானே?
– மையப் பொறுப்பாளர்

பதில்: பெரும்பாலும் மாட்டாள். அவள் சோம்பேறி என்பதால் இல்லை; படிவத்தில் 'குடும்ப வருமானம்' என்ற கட்டத்தில் தினக்கூலியை எப்படி எழுதுவது என்று வீட்டில் சொல்ல ஆள் இல்லை. அமெரிக்காவில் பெட்டிங்கர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட சோதனை இதை அப்படியே காட்டியது. வருமான வரிக் கணக்கு எழுத வந்த ஏழைக் குடும்பங்களுக்கு, அங்கேயே உட்கார வைத்து உதவித்தொகைப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமானார்கள். விவரத்தை மட்டும் சொல்லி அனுப்பிய குடும்பங்களில் மாற்றமே இல்லை.

ஆகவே பள்ளி இறுதியாண்டு தொடங்கியதுமே ஒரு உறை போடுங்கள்: பிறப்புச் சான்று, அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், புகைப்படம். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா, பிறந்த தேதி ஒன்றா என்று அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் உதவித்தொகை நின்றுபோகலாம். திருத்த வாரக்கணக்கில் ஆகும், கடைசி நேரத்தில் முடியாது. படிவம் நிரப்பும் நாளில் தாயையோ தந்தையையோ வரச் சொல்லுங்கள், கையெழுத்துக்காக இன்னொரு நாள் கூலி போக வேண்டாம். இணையப் படிவத்துக்குக் கொடுக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் அவளுடையதாக இருக்கட்டும். தன்னார்வலரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் எண் மாற்றியதும் கடவுச்சொல் கிடைக்காமல் தவிப்பது அடிக்கடி நடக்கிறது. 'அனுப்பு' பொத்தானை அவளே அழுத்தட்டும், ஒப்புகைச் சீட்டு இரண்டு நகல் எடுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தேர்வு முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் இடைப்பட்ட வாரங்களில் பள்ளியும் கேட்காது, கல்லூரியும் கேட்காது. கட்டணத் தேதி, விடுதிப் படிவம், மருத்துவச் சான்று என்று ஏதாவது ஒன்றில் தட்டி நிற்பது அப்போதுதான். அந்த வாரங்களில் ஏழு நாளுக்கு ஒரு முறை போன் செய்ய ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கல்லூரியில் முதல் மாத வருகைப் பதிவு வரும்வரை அவரே தொடரட்டும்.